கிராமத்து கிரிக்கெட் கிளப்: சீசன் முடிந்தது, சராசரிப் பட்டியலில் இழுபறி

மிட் ஆஃப்

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் கிளப்பின் கடைசி ஆட்டம் போன வாரம் முடிந்தது. இந்த முறை செயலாளர் பொறுப்பு என்னிடம். பொதுக்குழு கூடுவதற்குள் சிறந்த பேட்ஸ்மேன் யார் என்று முடிவு பண்ணியாக வேண்டும். அங்கேதான் முட்டிக்கொண்டு நிற்கிறோம்.

எங்கள் ஓப்பனர் ஒரு ஆட்டம் விடாமல் வந்தார். 16 இன்னிங்ஸ், 2 நாட் அவுட், 476 ரன், சராசரி 34 (மொத்த ரன்னை அவுட் ஆன தடவைகளால் வகுப்பதுதான் சராசரி). இன்னொருவர் ஆறாவதாகவோ ஏழாவதாகவோ இறங்குபவர், வேலை காரணமாகப் பாதி ஆட்டத்துக்குத்தான் வர முடியும். 7 இன்னிங்ஸ், 4 நாட் அவுட், 141 ரன், சராசரி 47. பட்டியலைப் போட்டால் அவர்தான் மேலே. சம்பந்தப்பட்ட இருவரும் வாயே திறக்கவில்லை. சுற்றி இருப்பவர்கள்தான் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறார்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு ஆட்டத்தில் ஓப்பனர் 50 அடித்ததும், "பசங்க ஆடட்டும்" என்று சொல்லித் தானே வெளியே வந்துவிட்டார். அதை ஸ்கோர் புக்கில் நாட் அவுட் என்றுதான் போட்டிருக்கிறோம். அது சரியா? உங்கள் கிளப்பில் என்ன வழக்கம்?

லாங் லெக்

தம்பி, குறைந்தபட்ச இன்னிங்ஸ் என்று ஒரு வரம்பு இல்லாமல் சராசரியை மட்டும் வைத்து விருது கொடுத்தால் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஒரு சரியான உதாரணம் இருக்கிறது. 1953-இல் ஆஸ்திரேலியா இங்கிலாந்துக்குப் போனது. அந்த அணியில் பில் ஜான்ஸ்டன், இடக்கைப் பந்துவீச்சாளர், கடைசி ஆளாக இறங்குபவர். பயணம் முழுக்க 17 இன்னிங்ஸ், அதில் 16 நாட் அவுட், மொத்தம் 102 ரன். ஒரே ஒரு தடவை அவுட் என்பதால் சராசரி 102. பட்டியலில் அவர்தான் முதலிடம்! அதே பயணத்தில் நீல் ஹார்வி 2,000 ரன்னுக்கு மேல் அடித்திருந்தார்.

சராசரி பொய் சொல்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆஸ்திரேலியாவின் பிராட்மேனுடைய டெஸ்ட் சராசரி 99.94-இலும் நாட் அவுட் இருக்கிறது: 80 இன்னிங்ஸ், 10 நாட் அவுட், 6,996 ரன்னை 70-ஆல் வகுத்தால் வருவது. 80 இன்னிங்ஸ் இருப்பதால் அந்த எண் நிற்கிறது. உங்கள் ஏழாம் நம்பர்காரருக்கு வகுக்கும் எண் வெறும் 3. இன்னொரு தடவை டக் அவுட் ஆகியிருந்தால் 47 என்பது 35 ஆகிவிடும். அவ்வளவு லேசான எண்ணை வைத்து இருவரை ஒப்பிட முடியாது.

கிளப் ஆடிய ஆட்டங்களில் பாதிக்குக் குறையாமல் பேட் பண்ணியிருக்க வேண்டும் என்று விதி எழுதுங்கள். ஆனால் இந்த சீசனுக்கு அல்ல, அடுத்த சீசனுக்கு. ஆட்டம் முடிந்தபிறகு விதியை மாற்றினால் அது ஒரு ஆளைக் குறிவைத்தது போல ஆகிவிடும்.

ஸ்கோர் புக்

அந்த 50-ஐப் பற்றி மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் கிளப்பில் நான்தான் ஸ்கோர் எழுதுகிறேன், இந்தக் கேள்வி அடிக்கடி வரும்.

கிரிக்கெட் சட்டம் 25.4 தெளிவாக இருக்கிறது. காயம், உடம்பு சரியில்லை, தவிர்க்க முடியாத வேறு காரணம் என்று போனால் திரும்பி வந்து ஆடலாம், வராவிட்டால் "ரிட்டயர்ட் நாட் அவுட்". வேறு எந்தக் காரணத்துக்காகப் போனாலும், எதிரணிக் கேப்டன் சம்மதித்தால்தான் திரும்ப முடியும். வரவில்லை என்றால் "ரிட்டயர்ட் அவுட்". பெருந்தன்மையும் "வேறு காரணம்" கணக்கில்தான் சேரும்.

இரண்டுக்கும் பெரிய ஆட்டத்திலேயே உதாரணம் உண்டு. 1983-இல் ஆண்டிகுவாவில் இந்தியாவுக்கு எதிராக கோர்டன் கிரீனிட்ஜ் 154-இல் நின்றபோது, மகளுக்கு உடம்பு மிகவும் மோசம் என்று கேட்டு ஆட்டத்தை விட்டுப் போனார். அது நாட் அவுட். 2001-இல் கொழும்பில் வங்கதேசத்துக்கு எதிராக மார்வன் அட்டபட்டு 201-இலும் மஹேல ஜெயவர்த்தனே 150-இலும் மற்றவர்கள் ஆடட்டும் என்று வெளியே வந்தார்கள். இருவருக்கும் ரிட்டயர்ட் அவுட். டெஸ்டில் அப்படிப் பதிவான முதல் இருவர் அவர்கள்தான்.

அந்தப்படி உங்கள் ஓப்பனருக்கு ஒரு நாட் அவுட் குறையும். 476-ஐ 15-ஆல் வகுத்தால் 31.73.

நைட் வாட்ச்மேன்

அக்கா, சட்டம் சரியாக இருக்கலாம். ஆனால் சின்னப் பையன்களுக்காக பேட்டைக் கீழே வைத்த மனுஷனுக்குச் சராசரி குறைகிறது, கடைசி இரண்டு ஓவருக்கு வந்து 11 நாட் அவுட் அடித்தவருக்கு ஏறுகிறது. இதை எந்த முகத்தோடு பொதுக்குழுவில் வாசிப்பது? அடுத்த தடவை யார் வெளியே வருவார்கள்?

ஸ்கோர் புக்

புத்தகம் வேறு, விருது வேறு தம்பி. புத்தகத்தில் சட்டப்படிதான் எழுத வேண்டும். இன்னும் பல வருடம் கழித்து அதைப் புரட்டுகிறவருக்கு என்ன நடந்தது என்று தெரிய வேண்டும். ஓரத்தில் சின்னதாக "இளையவர்கள் ஆடுவதற்காகத் தானே வெளியேறினார்" என்று ஒரு வரி எழுதுங்கள், அது போதும்.

விருதை எப்படிக் கணக்கிடுவது என்பது கிளப் தானே முடிவு செய்வது. எங்கள் கிளப்பில் மொத்த ரன்னுக்குத்தான் விருது. சராசரியைப் பட்டியலில் போடுகிறோம், கோப்பை அதற்கு இல்லை. 476 அடித்தவர் யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது இல்லையா?

பௌலிங் பட்டியலையும் ஒரு தடவை சரிபாருங்கள். வைடும் நோ பாலும் பௌலர் கணக்கில் சேரும், பேட்டில் படாமல் ஓடி எடுக்கிற பை, லெக் பை ரன்கள் சேராது, ரன் அவுட் பௌலருக்கு விக்கெட் ஆகாது. அவசரத்தில் கூட்டும்போது பெரும்பாலும் இங்கேதான் எண் இடிக்கும்.

ரோலர்காரர்

விருதுப் பேச்சு நடக்கட்டும். கடைசி ஆட்டம் முடிந்து ஒரு வாரம் ஆச்சு என்கிறீர்கள், பிட்சை யாராவது தொட்டீர்களா?

புல் பிட்ச் என்றால் இந்த வாரங்கள்தான் பொன்னான நேரம். மண்ணில் இன்னும் சூடு இருக்கும்போதே வேலையை முடிக்க வேண்டும், குளிர் இறங்கிய பிறகு விதை முளைக்காது. முதலில் புல்லை ஒட்ட வெட்டி, வெட்டியதை முழுசாக வாரி வெளியே போடுங்கள். அடுத்தது வாரிக் கீறுவது. மேலே பசேல் என்று தெரிந்தாலும், அடியில் செத்த புல்லும் வேரும் சேர்ந்து பஞ்சு மாதிரி ஒரு அடுக்கு கட்டியிருக்கும். சீசன் கடைசியில் பந்து எழும்பாமல் முழங்காலுக்குக் கீழேயே வந்ததா? அநேகமாக இந்த அடுக்குதான் காரணம். நெடுக்காக, பிறகு கொஞ்சம் சாய்வாக என்று பலமுறை கீறி எடுத்தால்தான் மண் தெரியும். மண் தெரியாமல் விதை போட்டால் பறவைக்குத்தான் தீனி.

பிறகு நன்றாகத் தண்ணீர் விட்டு ஊறவைத்து, முள் உருளையாலோ கடப்பாரை முனையாலோ ஆழமாகக் குத்தி விடுங்கள். சீசன் முழுக்க ரோலர் ஏறி இறுகிய மண், காற்றும் வேரும் இறங்க வழி வேண்டும். விதை தூவி, மேலே களிமண் கலந்த பிட்ச் மண்ணை மெல்லிசாகப் போட்டு மட்டப் பலகையால் இழுங்கள்.

மண் விஷயத்தில் ஒன்று ரொம்ப முக்கியம். கிளப் மைதானங்களில் பிட்ச் மண்ணில் பொதுவாக 25 முதல் 30 சதவீதம் வரை களி இருக்கும். ஏற்கெனவே என்ன மண் இருக்கிறதோ அதே மண்ணைத்தான் மேலே போட வேண்டும். கிடைக்கிறதே என்று இந்த வருடம் ஒரு மண், அடுத்த வருடம் வேறு மண் என்று போட்டால் காயும்போது ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி சுருங்கி, அடுக்கு அடுக்காகப் பிரிந்துவிடும். அதற்குப் பிறகு எவ்வளவு உருட்டினாலும் பந்து ஒரே மாதிரி எழும்பாது. தப்பித் தவறிக்கூட மணலைக் கொட்டாதீர்கள்.

மிட் ஆஃப்

ரோலர்காரர் அண்ணா, நன்றி. இன்னும் தொடவில்லை. முழு பிட்சும் பரவாயில்லை, ஒரு முனையில் மட்டும் பௌலர் கால் விழுகிற இடம் குழி விழுந்து கிடக்கிறது. எங்கள் வேகப்பந்து வீச்சாளர்கள் இருவருமே அந்தப் பக்கத்திலிருந்துதான் போடுவார்கள். குழியில் மண்ணைக் கொட்டி ரோலரை ஏற்றிவிடலாம் என்கிறார்கள்.

ரோலர்காரர்

வேண்டாம் தம்பி. குழி கிரீஸ் கோட்டை ஒட்டி இருக்கும், ஸ்டம்ப்பிலிருந்து 1.22 மீட்டர்தான் அந்தக் கோடு. பௌலர் முழு வேகத்தில் காலை ஊன்றுகிற இடம். அங்கே லூசாக மண் இருந்தால் கணுக்கால் போய்விடும்.

குழியில் இருக்கிற உடைசலை எல்லாம் சுரண்டி எடுங்கள். ஓரத்தைச் செங்குத்தாக வெட்டி விடுங்கள். அடியைக் கீறிவிட்டு ஈரப்படுத்துங்கள், இல்லாவிட்டால் பழைய மண்ணும் புது மண்ணும் ஒட்டாது. பிட்ச் மண்ணைப் பிசைந்த பதத்துக்கு நனைத்து, இரண்டு விரல் கனம் போட்டு இடி, மேலே கீறு, மறுபடி போட்டு இடி. இப்படியே மேல்மட்டம் வரைக்கும். ஒரேயடியாக நிரப்பி மேலே மட்டும் இடித்தால் அடி இறுகாது. மேலே விதை போட்டு, ஆட்கள் குறுக்கே நடக்காமல் கயிறு கட்டிவிடுங்கள்.

பழைய பந்து

சாமான்களையும் மறந்துவிடாதீர்கள். கடைசி ஆட்டத்தோடு கிட் பையை அப்படியே மூடி மூலையில் தள்ளுகிற கிளப் நிறைய. அடுத்த சீசனில் திறந்தால் கிளவுஸ் கட்டை மாதிரி விறைத்திருக்கும், பேடு பூசணம்.

வியர்வை ஊறிய கிளவுஸைத் திறந்த இடத்தில், நிழலில் காயவையுங்கள், நேர் வெயிலில் தோல் வெடிக்கும். பிட்ச் மேல் விரிக்கிற மேட் என்றால் பிரஷ் போட்டுத் தட்டி, முழுக்கக் காய்ந்த பிறகே சுருட்டி, தரையில் படாமல் கட்டை மேல் வையுங்கள். பந்துவீச்சு இயந்திரம் இருந்தால் பேட்டரியைக் கழற்றி விடுங்கள். பந்து தெளிவாகத் தெரிய எல்லையில் நிறுத்துகிற சைட் ஸ்க்ரீனைப் படுக்கவைத்துக் கட்டுங்கள், பெருங்காற்றில் அது பறந்தால் வேலியும் சேர்ந்து போகும்.

பேட்டுக்கு ஆளிவிதை எண்ணெய் மெல்லிசாக ஒரு கை. முகம், ஓரம், அடிமுனை மட்டும். கைப்பிடி இறங்குகிற பிளவில் எண்ணெய் படக்கூடாது, பசை விட்டுவிடும். படுக்கவைத்து உலர விடுங்கள். முகத்தில் பிளாஸ்டிக் தாள் ஒட்டிய பேட்டாக இருந்தால் அந்த முகத்துக்கு எண்ணெய் தேவையில்லை. ஊறப் போடாதீர்கள், எண்ணெய் குடித்த பேட் கனத்துப்போய் சத்தமே செத்துவிடும்.

ஹெல்மெட்டை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். பலமாக அடி வாங்கியது, கம்பி வளைந்தது, திருகு தளர்ந்தது எல்லாம் தனியே வையுங்கள். வெளியே கீறல் இல்லாவிட்டாலும் பெரிய அடி வாங்கியதை மாற்றத்தான் வேண்டும். பொதுக் கிட்டில் இருக்கிற ஹெல்மெட்டைப் போடுவது பெரும்பாலும் சின்னப் பசங்கதான்.

ஸ்கோர் புக்

மிட் ஆஃப் தம்பி, பொதுக்குழுவுக்கு முன்னால் ஸ்கோர் புக்கை இன்னொரு முறை புரட்டச் சொல்வேன். இந்த முறை ரன்னைக் கூட்ட வேண்டாம். ஒரு வெள்ளைத் தாளில் சீசனில் ஒரு ஆட்டமாவது ஆடிய எல்லார் பெயரையும் எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் எத்தனை ஆட்டம் வந்தார், அதில் எத்தனை ஆட்டத்தில் பேட்டும் பிடிக்கவில்லை, பந்தும் போடவில்லை என்று குறியுங்கள்.

எங்கள் கிளப்பில் இதைச் செய்த பிறகுதான் கிளப்பை விட்டுப் போகிறவர்கள் ஏன் போகிறார்கள் என்று பிடிபட்டது. யாரும் சண்டை போட்டுக்கொண்டு போவதில்லை. ஒரு வாரம் "வேலை இருக்கு", அடுத்த வாரம் "ஊருக்குப் போறேன்", பிறகு பெயரே இல்லை. பின்னோக்கிப் புரட்டிப் பார்த்தால், அதற்கு முந்தைய ஆட்டங்களில் அவர் பெயருக்கு நேரே ஒன்றும் இருக்காது. ஒன்பதாம் இடம், இறங்கவில்லை. பத்தாம் இடம், இறங்கவில்லை. பந்துவீச்சுப் பக்கத்தில் பெயரே கிடையாது. காலையில் வந்து கோடு போட்டு, பகல் முழுக்க எல்லையில் ஓடி, சாயந்திரம் ஸ்டம்ப்பைப் பிடுங்கிக் கட்டி வைத்துவிட்டுப் போயிருப்பார்.

சராசரிப் பட்டியலில் இவர்கள் வரவே மாட்டார்கள். வகுப்பதற்கே எண் கிடையாது. ஆனால் ஸ்கோர் புக்கில் இருப்பார்கள், 11 பெயரும் எழுதியாக வேண்டுமே.

1777-இல் ஹாம்பிள்டன் என்ற கிராமத்தின் கிளப் செவனோக்ஸில் இங்கிலாந்து அணியை ஒரு இன்னிங்ஸ், 168 ரன் வித்தியாசத்தில் தோற்கடித்தது, ஜேம்ஸ் ஐல்வார்ட் 167 அடித்தார் என்பது இன்றைக்கு நமக்குத் தெரிகிறது என்றால், யாரோ உட்கார்ந்து எழுதினார்கள் என்பதால்தான். நம் புத்தகமும் ரன் அடித்தவருக்கு மட்டும் ஆனதில்லை.

நைட் வாட்ச்மேன்

அக்கா, நான் எங்கள் கிளப் கேப்டன், என் பக்கத்தையும் சொல்கிறேன். லீக்கில் ஆடுகிறோம், கீழ்ப் பிரிவுக்கு இறங்கினால் அடுத்த வருடம் நல்ல ஆட்கள் வேறு கிளப்புக்குப் போய்விடுவார்கள். 40 ஓவர் ஆட்டத்தில் முதல் ஐந்து பேர் நன்றாக ஆடிவிட்டால் ஒன்பதாவது ஆளுக்கு எங்கே பேட்டிங் வரும்? அவருக்காக விக்கெட்டைப் பறிகொடுக்கவா முடியும்? 150 தேவை என்று எதிரணி துரத்தும்போது வாராவாரம் புதியவர் கையில் பந்தைக் கொடுத்தால், மற்ற பத்துப் பேரும் என்னைத்தான் பார்ப்பார்கள். வாய்ப்புக் கொடுக்கக் கூடாது என்ற எண்ணம் எனக்கு இல்லை. ஜெயிக்காத கிளப்பும் காலியாகும் என்கிறேன், அவ்வளவுதான்.

எல்லைக்கோடு

இங்கே புதுசு. வயசு 17. அண்ணன்கள் பேசுவதைப் படித்துக்கொண்டிருந்தேன், சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துச் சொல்கிறேன்.

நான் இருந்த கிளப்பை இந்த சீசன் பாதியில் விட்டுவிட்டேன். பேட்டிங் வரவில்லை என்பது எனக்குப் பிரச்சினையே இல்லை. மேலே ஆடுகிறவர்கள் என்னைவிட நல்லா ஆடுறவங்க, அது எனக்கே தெரியும். வலைப்பயிற்சியில் எல்லாருக்கும் பந்து போட்டுவிட்டு, என் முறை வரும்போது இருட்டிவிடும். ஆட்டத்தில் ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்கு ஓவருக்கு ஓவர் எல்லையில் ஓடுவேன். ஒரு தடவை ஆட்டம் ஜெயிச்சாச்சு, இன்னும் 4 ஓவர் பாக்கி, எதிரணியில் கடைசி ஜோடி, 90 ரன் வேணும் அவங்களுக்கு. அப்பவாவது கூப்பிடுவாங்கன்னு கையைச் சுழற்றிக்கிட்டே நின்னேன். கேப்டன் தானே போட்டார். அவரோட விக்கெட் கணக்குக்கு அது தேவைப்பட்டுதுன்னு பிறகு ஒருத்தர் சொன்னார்.

நான் வருவதை நிறுத்தினதும் யாரும் போன் பண்ணி ஏன்னு கேட்கலை. கேட்டிருந்தா போயிருப்பேன்.

நைட் வாட்ச்மேன்

தம்பி, சொன்னது நல்லது. 90 ரன் தேவை, கடைசி ஜோடி, 4 ஓவர். அந்த இடத்தில் பந்து உன் கையில்தான் இருந்திருக்க வேண்டும், அதில் எனக்கு இரண்டாவது பேச்சே இல்லை. நான் சொன்னது நெருக்கமான ஆட்டத்தைப் பற்றி. ஆனால் ஒரு சீசனில் நெருக்கமான ஆட்டம் எத்தனை வரும்? மீதி எல்லாம் பாதியிலேயே இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சாய்ந்துவிடும். அங்கே இடம் இருக்கிறது. நானும் அக்கா சொன்ன தாளைப் போட்டுப் பார்க்கப் போகிறேன்.

இன்னும் ஆட விருப்பம் இருக்கா உனக்கு?

எல்லைக்கோடு

இருக்கு அண்ணா. ஆஃப் ஸ்பின் போடுவேன்.

லாங் லெக்

தம்பி, அடுத்த சீசன் தொடங்குவதற்கு முன்னால் வேறு கிளப்பில் பயிற்சிக்குப் போ. போகும்போதே "நான் ஆஃப் ஸ்பின் போடுவேன், ஆட்டத்தில் பந்து கிடைக்குமா" என்று நேராகக் கேள். கேட்பதில் தப்பில்லை. பழைய கிளப்பில் சந்தா பாக்கி, வாங்கி வந்த சாமான் ஏதாவது இருந்தால் அதை மட்டும் முடித்துவிட்டுப் போ, மாறுதலுக்குத் தடை சொல்ல வழி இருக்கக் கூடாது.

கேப்டன்களுக்கு ஒரு யோசனை. நட்பு ஆட்டங்களில் பேட்டிங் வரிசையை அப்படியே தலைகீழாகப் போடுங்கள். லீக் ஆட்டத்தில் போன வாரம் இறங்காதவருக்கு இந்த வாரம் நாலாம் இடம் கொடுக்க முடியாது என்றால், ஆறாம் இடமாவது கொடுக்கலாம். பல கிளப்பில் இது எழுதாத வழக்கமாகவே இருக்கிறது.

மிட் ஆஃப்

இரண்டு நாளாக ஸ்கோர் புக்கோடு உட்கார்ந்திருந்தேன், அதனால்தான் பதில் போடத் தாமதம்.

தாளைப் போட்டுப் பார்த்தேன் அக்கா. மூன்று பெயர் தனியாக நிற்கிறது. மூவருமே பத்து ஆட்டத்துக்குக் குறையாமல் வந்தவர்கள், அதில் பாதிக்கு மேல் பேட்டும் இல்லை, பந்தும் இல்லை. ஒருவர், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் பிட்ச்சை மூடுகிற கவரை இழுத்து மடிக்கிற பையன். எங்கள் ஃபீல்டிங்கில் அதிக கேட்ச் பிடித்ததும் அவன்தான், 9 கேட்ச். அது யாருக்கும் தெரியாது, நாங்கள் கேட்ச் பட்டியலே போட்டதில்லை. கடைசி இரண்டு ஆட்டத்துக்கு அவன் வரவில்லை என்பதும் இப்போதுதான் கண்ணில் பட்டது.

ஓப்பனர் 50 அடித்த ஆட்டத்தையும் பார்த்தேன். அவர் வெளியே வந்ததால் இறங்கியவர்களில் ஒருவன் இந்தப் பையன். 14 ரன். அவன் சீசனில் அடித்ததே மொத்தம் 20-ஐத் தாண்டவில்லை.

நேற்று குழுவில் பேசி இப்படி முடிவு பண்ணினோம். புத்தகத்தில் அதை ரிட்டயர்ட் அவுட் என்று திருத்தி, ஓரத்தில் காரணம் எழுதியாச்சு. எங்கள் விதிப் புத்தகத்தில் விருதுக்குச் சராசரி என்றுதான் எழுதியிருக்கிறது, அதனால் இந்த சீசன் பேட்டிங் விருது 47 எடுத்தவருக்கே. லாங் லெக் அண்ணா சொன்னபடி நடுவில் மாற்றவில்லை. அடுத்த சீசனிலிருந்து மொத்த ரன். ஓப்பனரிடம் நேரில் போய்ச் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "பசங்க லிஸ்ட் போட்டியாமே, அதைக் காட்டு" என்றார். ஃபீல்டிங்குக்குத் தனி விருது, இந்த சீசனே.

மூவரில் இருவரிடம் பேசிவிட்டேன், வருகிறேன் என்கிறார்கள். கேட்ச் பிடித்த பையன் போனை எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே போகிறேன்.

ஸ்கோர் புக்

போகும்போது ஸ்கோர் புக்கையும் எடுத்துக்கொண்டு போங்கள். அந்த 9 கேட்சும் எந்தெந்த ஆட்டம், யார் பந்தில் என்று அவனுக்குக் காட்டுங்கள். புதுப் புத்தகம் வாங்கினதும் கடைசிப் பக்கத்தில் இப்போதே கட்டம் போட்டுவிடுங்கள்: பெயர், வந்த ஆட்டம், பேட்டிங், பந்துவீச்சு, கேட்ச். மாதம் ஒருமுறை கேப்டன் கண்ணில் படுகிற மாதிரி. சீசன் முடிந்து பார்த்தால் ஆள் போயிருப்பார்.

ரோலர்காரர்

ஞாயிற்றுக்கிழமை அவனைப் பார்த்துவிட்டு அப்படியே மைதானத்துக்குக் கூட்டிப் போங்கள் தம்பி, குழி வேலைக்கு இரண்டு ஆள் வேண்டும். முந்தின நாள் சாயங்காலமே அந்த முனைக்குத் தண்ணீர் விட்டு வையுங்கள், காய்ந்த மண்ணை வெட்ட முடியாது. கைவசம் எவ்வளவு மண் இருக்கிறது என்று சொல்லுங்கள், போதுமா என்று பார்த்துச் சொல்கிறேன்.

மிட் ஆஃப்

நாலு மூட்டை இருக்கு அண்ணா, போன வருடம் போட்ட அதே மண். சனிக்கிழமை தண்ணீர் விட்டுவிடுகிறேன்.